சற்குணம் சார் வீட்டு மேற்குச் சுவர்

பதினோராம் வளைவு என்பதுதான் எங்கள் ஊரின் பெயர். மலைப்பாதையில் கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பதினோராவதாக பஸ் மூச்சு வாங்கித் திரும்பும் இடம், ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ரயில் பெட்டி போல ஒட்டி நிற்கும், ஆறாவது வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டித்தான் பஸ் நிற்கும், அந்தச் சுவர் ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சூடாக ஆரம்பித்தது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. வீட்டுக்குள் சற்குணம் சார் தன்னுடைய கணினி விளையாட்டில் முதல் அணு உலையைக் கட்டி முடித்து, அதற்குள் ஒரு யுரேனியக் கட்டையைப் போட்டிருந்தார்.

முதலில் சாய்ந்தது மினி பஸ் டிரைவர் பெள்ளி. தேநீர் டம்ளரோடு சுவரில் முதுகை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார், தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை, பஸ் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியதும் தெரியவில்லை. "அக்கா, இங்க வந்து ஒரு நிமிசம் சாஞ்சு பாருங்க" என்று இட்லிக் கடை செவந்தியக்காவைக் கூப்பிட்டார். செவந்தியக்கா வந்தாள், உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், கடைக்குத் திரும்பிப் போய் மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோடு ஒட்டி வைத்தாள். எங்கள் ஊரில் மாவு பொங்க இரண்டு நாள் ஆகும். அன்று நாலு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஊர் இல்லை எங்களுடையது. குளிரும் இடத்தில் சூடு எங்கிருந்து வந்தாலும் யாரும் விலாசம் கேட்பதில்லை. யாரோ ஒருவர் சூடம் கொண்டுவந்து சுவருக்குக் காட்டப் பார்த்தார், தீப்பெட்டி நமுத்துப் போயிருந்ததால் பற்றவில்லை, அத்தோடு பக்தி முடிந்தது. அதற்குப் பிறகு சுவரை எல்லோரும் சுவராகவே வைத்துக்கொண்டோம்.

சற்குணம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் வரைந்தவர், பாலமும் மதகும் தண்ணீர்த் தொட்டியுமாக ஊர் ஊராக அவர் பென்சில் கட்டியிருக்கிறது. நாசரேத் பக்கத்து ஆள். ஓய்வு பெற்றதும் மனைவி எப்சிபாவுக்கு மலை பிடிக்கும் என்பதற்காக இங்கே வீடு பிடித்தார், வந்த எட்டாவது மாதம் மஸ்கட்டில் மகளுக்குப் பிரசவம் என்று எப்சிபா அம்மா கிளம்பினார். மூன்று மாதம் என்றுதான் சொல்லிப் போனார். குழந்தைக்குப் பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் பழகட்டும், இப்போது இரண்டாவது பிறந்திருக்கிறது என்று நாலு வருடம் ஓடிவிட்டது. சண்டையில்லை, சச்சரவில்லை, தினமும் பகல் ஒரு மணிக்கு போன் வரும். மருமகன் ஒரு முறை வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது ஒரு கணினியை மேற்குச் சுவரோரம் மேசை போட்டு வைத்து, அதில் ஒரு விளையாட்டையும் ஏற்றி, "பொழுது போகும் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆளில்லாத ஒரு கிரகத்தில் ஒற்றை ஆளாக இறங்கி, இரும்பு தோண்டி, செம்பு உருக்கி, பெல்ட் ஓட்டி, ஆலைக்கு மேல் ஆலையாகக் கட்டிக்கொண்டே போகிற விளையாட்டு அது. ஆளில்லாத இடத்தில் ஒற்றை ஆளாக இருப்பது சாருக்குப் பழகிய வேலை. மளமளவென்று கட்டினார். நிலக்கரியில் ஆரம்பித்து, புகை போதும் என்று தோன்றி, யுரேனியம் தோண்டி, ஐப்பசியில் அணு உலைக்கு வந்து சேர்ந்தார்.

அந்த விளையாட்டின் உலைக்கு ஒரு விதி உண்டு. தனியாக நிற்கிற உலை ஒரு பங்கு சூடு தரும். பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு பங்கு தரும், சேர்த்து நாலு. நான்கை ஒட்டி ஒரு சதுரமாக வைத்தால் ஒவ்வொன்றும் மூன்று பங்கு, மொத்தம் பன்னிரண்டு. அதே கட்டை, அதே உலை, ஒட்டி நிற்பது ஒன்றுதான் வித்தியாசம். இதைப் படித்த அன்று சார் ஒரு மணிக்காகக் காத்திருந்து சொன்னார்.

"ஒண்ணு தனியா நின்னா ஒரு பங்குதான் எப்சி. நாலு சேந்து நின்னா பன்னெண்டு. பாத்துக்கோ."

"சரி சரி. காலைல என்ன சாப்ட்டீய?"

கார்த்திகைக்குள் நான்கு உலைகளும் ஒட்டி நின்றன, சுவர் மாவு பொங்குகிற சூட்டிலிருந்து துணி காய்கிற சூட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் பதினோராம் வளைவின் வாழ்க்கை முழுக்கச் சுவரோரம் இடம் மாறிவிட்டது. நடுவில் சூடு அதிகம் என்பதால் மூட்டு வலிக்காரர்களுக்கு நடு, இடப்பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் நனைந்த காலுறைகள், வலப்பக்கம் செவந்தியக்காவின் குண்டான்கள் மூன்று, அதற்கும் அப்பால் காற்றுப் படாத மூலையில் மூன்றாம் வீட்டுக் கௌசி தன் இருபது நாள் குழந்தையை எண்ணெய் தேய்த்து மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள், பெள்ளி கிளம்பும் வரை நின்றுகொண்டே ஒரு தூக்கம் போடுவார், தோட்டத்துக்குப் போகிறவர்கள் போகும்போது முதுகையும் வரும்போது வயிற்றையும் காட்டுவார்கள். இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் இரண்டு பேர், தள்ளி உட்கார்ந்தால் குளிரும் என்ற ஒரே காரணத்துக்காக நெருங்கி உட்கார்ந்து, நெருங்கி உட்கார்ந்த பாவத்துக்காகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளே சார் இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். சூடு முழுக்க வெளிப்பக்கம்தான் போனது. உள்பக்கம் கையை வைத்தால் ஜனவரிக் குழாய்த் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. ஆனால் சுவர் மெல்லியது, பேச்சு வந்தது. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், கௌசியின் குழந்தைக்கு எத்தனை தும்மல் எல்லாம் அவருக்குத் தெரியும். "இன்னிக்குக் கொஞ்சம் சூடு கம்மியா இருக்குல்ல?" என்று யாராவது சொன்னால் உடனே இன்னொரு கட்டை போடுவார். "மணி என்ன?" என்று யாராவது கேட்டால் உள்ளேயிருந்து மணி சொல்வார். அது எங்களுக்குக் கேட்டதில்லை. இதெல்லாம் பிறகு அவரே சொன்னதுதான்.

வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கலாமே என்றால், முடியாது. எரிந்து முடிந்த கட்டையை எடுத்து, புதுக் கட்டையைப் போட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு உலைக்கும் அவர் கையாலேயே தீனி கொடுக்க வேண்டும். எழுந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுத்தான் எழுவார், விளக்கை அணைக்காமல் அறையை விட்டுப் போகாத மனிதர். விளையாட்டு நின்றால் சுவர் ஆறிவிடும். சாப்பிடவும் மற்றதுக்கும் பஸ் போய்க் கூட்டம் கலைந்த பிறகுதான் எழுந்தார்.

மார்கழியில் ஒரு நாள் காலை கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுச் சாருக்கு ஒரே சந்தோஷம். பரபரவென்று எழுந்தார், திறந்தார், உட்காரச் சொன்னார், காபி போடவா என்று கேட்டார், சிலிண்டர்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் சுவர் ஆறிப்போய், செவந்தியக்காவின் மூன்று குண்டான் மாவும் பொங்கின வாக்கிலேயே அமுங்கிவிட்டது, அன்றைக்கு எல்லோரும் தட்டை இட்லி தின்றோம், கௌசியின் குழந்தைக்குச் சளி பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஊர் கூடி முடிவு செய்தோம். சார் வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது.

கோபத்தில் செய்தது இல்லை, மரியாதையில் செய்தது. பிள்ளைகள் சிலேட்டுத் துண்டில் 'தட்டக் கூடாது' என்று எழுதினார்கள், அதை மாட்ட ஆணி அடித்தவன் நான். சத்தம் கேட்டு அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று சுத்தியலில் துணி சுற்றி அடித்தேன். அதற்குப் பிறகு சிலிண்டர் செவந்தியக்கா கடையில் இறங்கி, அங்கிருந்து பூனை நடையில் அவர் வாசலுக்குப் போனது. பால் பாக்கெட்டைக் கைப்பிடியில் தொங்குகிற பையில் போட்டோம். காய்கறியைப் பெள்ளி வாங்கி வந்து படியில் வைத்தார், சார் ஜன்னல் வழியாக நீட்டிய காகிதத்தைப் பார்த்து ஒரு சாமான் விடாமல் வாங்கினார். சிலேட்டைப் பார்த்த பிறகு சார் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க ஆரம்பித்தார், யாராவது எட்டிப் பார்க்கட்டும் என்று. போகிற வருகிறவர்கள் பார்த்தோம். உள்ளே பனி போகுமே என்று பதறி, ஒவ்வொருவரும் ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனோம்.

அப்போதுதான் அவர் அந்தத் தொகுதியை வரைய உட்கார்ந்தார். ஆள் கை படாமல் தானாக ஓடுகிற நான்கு உலைத் தொகுதி. ஒரு மணி நேரம் ஓடினால் போதும், வெளியே போய் மற்றவர்களோடு அந்தச் சுவரில் முதுகை வைத்துவிட்டு வரலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கணினியை நம்பாமல் வரைபடத் தாளில் பென்சிலால் வரைந்தார். நான்கு உலைகளும் ஒட்டி நிற்க வேண்டும், ஒட்டி நின்றால் நடுவில் கை நுழைய இடமில்லை, எனவே தீனி போடும் இயந்திரக் கை ஒவ்வொரு உலைக்கும் வெளிப்பக்கத்திலிருந்து நீள வேண்டும், அதன் பக்கத்திலேயே எரிந்த கட்டையை எடுக்கும் கை. வெப்பக் குழாய் நீளமானால் போகிற வழியிலேயே சூடு குறைந்துவிடும், ஆகவே எல்லாம் நெருக்கமாக இருக்க வேண்டும். நீராவித் தொட்டியிலிருந்து ஒரு கம்பி: நீராவி குறைந்தால் மட்டும் கட்டை உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் யுரேனியம் வீணாக எரியும். எரிந்த கட்டையை எடுக்கும் கை எடுத்து முடித்த பிறகே போடும் கை அசைய வேண்டும். மூன்று முறை நீராவி தீர்ந்து எல்லாம் நின்றுபோனது, நாலாவது முறை இரண்டு கைகளும் ஒரே கட்டையை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டு விளையாடின, பதினேழாவது தாளில் ஒரு டர்பைனைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் ஒரு சதுரத்துக்குள் கச்சிதமாக அமர்ந்தது. முத்திரை குத்துகிற மாதிரி எங்கே வேண்டுமானாலும் அப்படியே எடுத்து வைக்கலாம். முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு படம் வரைந்ததில்லை என்று நினைத்தார். காட்ட ஆளில்லாததால் சுவரில் ஒட்டிவைத்தார்.

தை மாதம், பனி கொட்டுகிற ஒரு புதன்கிழமை. தொகுதியை ஓடவிட்டு அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கைகள் எடுத்தன, போட்டன, டர்பைன்கள் சுற்றின. குல்லாயைக் கழற்றித் தலை வாரினார், இஸ்திரி போட்ட சட்டை போட்டார், சென்ட் கூடக் கொஞ்சம் தடவிக்கொண்டார். கணினியை நிறுத்தாமல் எழுந்து வெளியே வந்து, வீட்டைச் சுற்றி நாற்பது அடி நடந்து மேற்குப் பக்கம் திரும்பினார்.

பேச்சை விட்டுவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டோம்.

"ஐயோ சார், நீங்க எதுக்கு வெளிய வந்தீங்க?" என்றாள் செவந்தியக்கா.

"சும்மாதான்மா. கொஞ்ச நேரம் உங்களோட..."

"செவுரு ஆறிடும் சார். கொழந்த இருக்கு."

"ஆறாது. இனிமே ஆறாது. தானா ஓடுற மாதிரி பண்ணிட்டேன், தொட்டுப் பாருங்க."

ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் எழுந்தால் ஆறும் என்பது எங்களுக்குத் தெரியும், தெரிந்த விஷயத்தை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? கௌசி குழந்தையை முந்தானையில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பெள்ளி வந்து சாரின் முழங்கையை ரொம்பப் பணிவாகப் பிடித்துக்கொண்டார். "பனி சார். உடம்புக்கு ஆகாது. வாங்க." சுவருக்கும் சாருக்கும் இடையே இரண்டு கை நீளம்தான் இருந்தது. பெள்ளி அவரை நாற்பது அடியும் கூட்டிக்கொண்டு போய், உள்ளே விட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, சிலேட்டை நேராக்கிவிட்டு வந்தார். வந்து சாய்ந்தவர், "பாத்தீங்களா, நல்லவேளை, சூடு போறதுக்குள்ள உள்ள விட்டுட்டேன்" என்றார். நல்ல காரியம் செய்தோம் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

சார் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையில் கைகள் எடுத்தன, போட்டன. அவர் தொடுவதற்கு ஒன்றுமில்லை. முன்பாவது உள்ளே அவருக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது வெளியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். இரண்டு நாள் கட்டிலில் படுத்தே கிடந்தார், சுவர் சூடாகவே இருந்தது, "சார் இன்னிக்கு நல்லா பண்றாரு" என்று வெளியே சொன்னார்கள். அதைக் கேட்டு அழுகை வந்தது என்று சொன்னார்.

ஒரு மணிக்கு போன் வந்தபோது, "நான் வெளிய போனேன் எப்சி" என்றார்.

"இந்தக் குளிர்ல எதுக்கு வெளிய போனீய? உள்ள இருங்க" என்றார் எப்சிபா அம்மா.

அதற்குப் பிறகு, சுவர் ஆறினால் யாராவது தன்னைத் தேடி வருகிறார்களா என்று பார்க்க, சார் ஒரு காரியம் செய்தார். நீராவித் தொட்டிக்கும் தீனிக் கைக்கும் நடுவே இருந்த கம்பியைப் பிடுங்கினார். அதுவும் யாருக்கும் கஷ்டம் வரக் கூடாது என்று நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் பிடுங்கினார். வெயிலில் சுவரை யார் தேடுவார்கள்? எல்லோரும் எதிர்ப்புறப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வெயில் காய்ந்தோம். சுவர் பகல் முழுக்க ஆறிக் கிடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவரே கம்பியை மாட்டிவிட்டார்.

இரண்டாவது முறை அவர் பனிக்குக் காத்திருந்தார். கௌசி குழந்தையோடு மேட்டுப்பாளையத்துக்கு, புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சுவர் வழியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை விடிந்தபோது பனி பஸ்ஸையே மறைத்திருந்தது. கம்பியைப் பிடுங்கிவிட்டு மடியில் கை வைத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு டர்பைனாக வேகம் குறைந்தது, கடைசியாக ஒன்று நாலைந்து சுற்று தள்ளாடிவிட்டு நின்றது.

வெளியே முதலில் ஒருவர் தும்மினார். "செவுரு ஆறுற மாதிரி இருக்கே." "சார் காப்பி குடிக்க எந்திரிச்சிருப்பாரு, இருங்க." இருந்தார்கள். "மாவு அடங்குதுக்கா." "தட்டிப் பாப்பமா?" "தட்டக் கூடாதுல்ல, தட்டினா இன்னும் ஆறிடும்." இதைச் சொன்னது நான்தான். பஸ் ஹாரன் அடித்தது, தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஏறினார்கள், பிள்ளைகள் ஈரக் காலுறையை மாட்டிக்கொண்டு ஏறினார்கள், நானும் ஏறினேன். சார் உள்ளே ஒவ்வொரு குரலாகக் குறைவதை எண்ணிக்கொண்டிருந்தார். தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கம்பியை எடுத்து மாட்டிவிடலாம் என்று மவுஸின் மேல் கை வைத்தார்.

"பெள்ளி, வண்டிய எடுக்காத. இங்க வா" என்று வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது.

செவந்தியக்காவின் குரல். சுவர்ப் பக்கமிருந்து வந்து பழகிய குரல் அன்று கதவுப் பக்கமிருந்து வந்தது.

"பால் பையப் பாரு. நேத்து பாலும் அப்டியே கெடக்குது, இன்னிக்குப் பாலும் அப்டியே கெடக்குது."

அதைச் சார் வேண்டுமென்று செய்யவில்லை. பால் எடுக்க மறந்தே போயிருந்தார்.

"தட்டக் கூடாதுக்கா. மாவு..."

"மாவு கெடக்கட்டும்ப்பா. மனுசன் ரெண்டு நாளா ஒரு வா காப்பி குடிக்கல."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நானும் அதைக் கேட்டேன். துணி சுற்றி நான் அடித்த ஆணியிலிருந்து அவள் சிலேட்டை வெடுக்கென்று பிடுங்கிப் படியில் வைத்தாள். அப்புறம் தட்டினாள்.

சார் எழுந்து ஓடி வந்தார். ஓடி வந்தவர் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். திறந்துவிட்டால் தட்டுவது நின்றுபோகுமே. அந்தச் சத்தத்தைக் கேட்டு அத்தனை நாளாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறை தட்டட்டும், திறந்துவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார்! சற்குணம் சார்!" என்று செவந்தியக்கா இந்த முறை இரண்டு கையாலும் தட்டினாள்.